செத்தவரின் இடது இமை

சோபா தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவருக்குக் கத்திரி என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கத்திரிக்கு நாடகம் என்றால் உயிர். நாடகத்துக்குத்தான் கத்திரி என்றால் ஆகாது. எதிரே நாலு முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் தபால்காரர் வேஷம் கொடுத்தார்கள். "சார், தபால்" என்பதுதான் மொத்த வசனம். அவர் வந்தார், தபாலை நீட்டினார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதற்கப்புறம் திரை இழுக்கிற வேலைதான். தொழிற்சாலைகளுக்குள் வருஷா வருஷம் நடக்கிற நாடகப் போட்டியில், மற்றவர்கள் வரிசையாக நின்று கைதட்டு வாங்கும்போது இவர் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருஷம் அவருக்கு வேஷம் கிடைத்தது. பிணம்.

தையல் பிரிவைக் கவனிக்கிற அக்கா எழுதிய நாடகம் அது. வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லாருக்கும் அவர் அக்காதான். நடு வீட்டில் அப்பா செத்துக் கிடக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவர் கடைசியாக யாரிடம் பேசினார் என்று சண்டை போடுகிறார்கள். முக்கால் மணி நேரம் அதே சண்டை. அப்பா பேச மாட்டார், அசைய மாட்டார். ஆனால் நாடகம் முழுக்க அவரைப் பற்றித்தான்.

"வாயைத் திறக்கவே கூடாது. முடியுமா?" என்று கேட்டார் அக்கா.

"அது ஒண்ணுதானக்கா எனக்கு வரும்."

சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்திருந்த கத்திரியின் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். "வீட்டுல தினமும் ஒத்திகை நடக்குது அக்கா. குப்பையை வெளிய வைங்கன்னு சொல்லிப் பாருங்க, அப்படியே செத்துருவார்."

அக்கா சிரித்தார். கத்திரி சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் மேடையின் நடுவில் அவர். விளக்கு நேராக அவர் முகத்தில். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்.

போட்டி நடக்கிற கூடம் சின்னது. உயர்ந்த மேடை கிடையாது. மூன்று பக்கமும் நாற்காலிகள், அவற்றுக்கு முன்னால் சுற்றி வருகிற ஒரு திரை. முன்வரிசைக்காரர் கையை நீட்டினால் பிணத்தைத் தொடலாம். அதனால் கத்திரி சும்மா படுத்துக் கிடக்கிற ஆளாக இருக்க விரும்பவில்லை. மூச்சு நெஞ்சில் தெரியாமல் வயிற்றில் ஓட வேண்டும், போர்வை அதை மறைக்க வேண்டும், உமிழ்நீர் விழுங்கினால் தொண்டை ஏறி இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் பழகினார். ஒத்திகையில் அக்காவே ஒரு தரம் பயந்துபோய்த் தோளைத் தட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் இடது கண்ணின் மேல் இமை துடிக்க ஆரம்பித்தது.

வலி இல்லை. யாரோ தோலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மெல்லச் சுண்டிவிடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடியும் சுண்டும். நடக்கும்போது வந்தால் யாருக்கும் தெரியாது. கண்ணை மூடி, மேலே விளக்கைப் போட்டுப் படுத்தால் ஊருக்கே தெரியும். இளைய மகனாக நடித்த பேக்கிங் பையன் அப்பாவின் மேல் விழுந்து அழப் போனவன், முகத்தைப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தான்.

"கத்திரி, உன்னைச் சாகச் சொன்னேன். கண்ணடிக்கச் சொல்லல," என்றார் அக்கா.

"நான் அடிக்கலக்கா. அதுவா அடிக்குது."

"அதுகிட்டச் சொல்லு, இது சோக நாடகம்னு."

ஒரு வாரம் போயும் நிற்கவில்லை. அக்கா நல்லவர்தான். ஆனால் போன வருஷம் கதவுத் தட்டி சரிந்து கதாநாயகன் தலையில் விழுந்து, சபை சிரித்த சிரிப்பு அவர் காதில் இன்னும் இருந்தது. "வெள்ளிக்கிழமை ஒத்திகை வரைக்கும் பாக்குறேன். நிக்கலைன்னா பொம்மையைப் படுக்க வெச்சுருவேன். மனசுல வெச்சுக்காத."

சோபா தொழிற்சாலையில் பொம்மை செய்ய எவ்வளவு நேரம் ஆகும். மெத்தைகளுக்குப் பஞ்சு அடைக்கிற பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பேரும் பஞ்சுதான். மறுநாள் காலையிலேயே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கத்திரியிடம் வந்தார்.

"கொஞ்சம் நேரா நில்லுப்பா. தோள் அளவு."

"எதுக்கு?"

"உன் உயரத்துக்கே செய்யச் சொல்லிட்டாங்க. என்கிட்ட ஏன் கோவிச்சுக்கிற? நீ செத்தா எனக்கு என்ன, பொம்மை செத்தா எனக்கு என்ன?"

அதுகூடப் பரவாயில்லை. மத்தியானம் தோல் நிற ரெக்ஸின் சுருள் ஒன்று கத்திரியின் வெட்டு மேஜைக்கே வந்து சேர்ந்தது. கை இரண்டு, கால் இரண்டு, உடம்பு ஒன்று. அவருடைய எதிரியை அவரே வெட்ட வேண்டும். கோணலாக வெட்ட மனசு வந்தது, கை வரவில்லை. சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தார்.

வீட்டில் செய்தி பரவியது. ஆளாளுக்கு வைத்தியரானார்கள்.

மனைவி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கண்மேல் வைத்தாள். முதல் நாள் அவசரத்தில் சூடு பார்க்காமல் வைத்துவிட்டாள். கத்திரி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்புறம் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். அது இதமாக இருந்தது. துணி இருக்கும் வரை இமை சும்மா இருக்கும், எடுத்தால் திரும்ப வரும். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சும்மா போகவில்லை. வாழைப்பழம் சாப்பிட்டால் நரம்பு அடங்கும் என்று சொல்லி ஒரு சீப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் முழுச் சீப்பையும் தீர்த்தார். வயிறு அடங்கியது, நரம்பு அடங்கவில்லை.

மனைவியின் தம்பி கசப்பு சோடா பாட்டில்களைப் பெட்டியோடு தூக்கி வந்தான். "டானிக் வாட்டர் மாமா. இதுல குயினைன் இருக்கு. துடிப்பெல்லாம் நின்னுரும்னு போன்ல போட்டிருக்கான்."

"போட்டவன் யாரு மாப்ளே?"

"பேரு போடல. ஆனா லட்சம் பேர் பாத்திருக்காங்க."

மாமியார் போனிலேயே, விளக்கெண்ணெயைக் கண்ணுக்குள் ஒரு சொட்டு விடச் சொன்னார். "எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு ஆஸ்பத்திரிக்குப் போனா?" என்றார். கத்திரி சரி சரி என்று தலையாட்டினார். போனில் தலையாட்டினால் மாமியாருக்குத் தெரியாது என்பதை மனைவி நினைவுபடுத்தினாள். எண்ணெய் மட்டும் அவர் விடவில்லை. வீட்டில் கிடந்த விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்து, எந்தக் காலத்துப் புட்டியோ என்று மூடிவைத்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒத்திகைக்குப் போகும் வழியில் பஞ்சு மறித்தார். கையில் தலைவலித் தைலம்.

"இமை மேல லேசா இழு. எங்க வீட்டுல எதுக்கும் இதுதான். நரம்பை அப்படியே மயக்கிரும்."

"கண்ணுக்குப் பக்கத்துல போடலாமா?"

"பக்கத்துலதான போடுற, உள்ளயா போடுற?"

கத்திரி தடவிக்கொண்டு போய்ப் படுத்தார். விளக்கு எரிந்தது. மூத்த மகன் வசனத்தை ஆரம்பித்தான். தைலம் வியர்வையில் கரைந்து மெதுவாகக் கண்ணுக்குள் இறங்கியது. கத்திரி பல்லைக் கடித்தார். நல்ல நடிகர், அசையவில்லை. ஆனால் செத்துப்போன அப்பாவின் மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக வழிந்து காதுக்குள் போனது.

"நிறுத்துங்க," என்றார் அக்கா. "பிள்ளைங்க எவனும் அழல. பொணம் அழுவுது."

குழாயடியில் கண்ணைத் தண்ணீரால் கழுவிக் கழுவிப் பார்த்தார். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. இமை அப்போதும் விடாமல் சுண்டியது. திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் பொம்மை படுத்திருந்தது. நன்றாகவே செய்திருந்தார் பஞ்சு. இமைகூடத் தைத்திருந்தார்.

அந்தச் சிவந்த கண்ணோடு கத்திரி வெட்டு மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். பஞ்சுக்குக் குற்ற உணர்ச்சி. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டப்பாவும் சின்ன பிரஷ்ஷுமாக வந்தார். ரெக்ஸினை மரச்சட்டத்தில் ஒட்டுகிற பசை.

"இது என் தப்பு. நானே சரி பண்றேன். இமை ஓரத்துல ஒரு இழு. அப்புறம் அது எப்படித் துடிக்கும்? நாடகம் முடிஞ்சதும் தின்னர் தொட்டு எடுத்துரலாம்."

வெளியாள் யாராவது கேட்டால் சிரித்திருப்பார்கள். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒட்டாத பொருள் என்று உலகத்தில் ஒன்று இல்லை. செருப்பு அறுந்தாலும் அந்தப் பசை, பல்செட் உடைந்தாலும் அந்தப் பசை. கத்திரி யோசித்தார். பொம்மையின் தைத்த இமை கண்முன்னால் வந்தது. தலையை நாற்காலியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரஷ் இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும்போது, அந்தப் பக்கமாக வந்த அக்கா பஞ்சுவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சோபாவுக்குப் போடறதைக் கண்ணுல போடுவியா? பார்வை போச்சுன்னா பஞ்சு வெச்சு அடைப்பியா?"

பஞ்சு பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டார். அக்கா அவரை விட்டுவிட்டுக் கத்திரி பக்கம் திரும்பினார்.

"ஒரு வேஷத்துக்காகக் கண்ணைக் குடுப்பியாடா நீ?"

கொடுப்பேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. கத்திரியின் மனைவிக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை கண் மருத்துவமனை. டாக்டரம்மா சின்ன வயசு, அளந்து பேசுகிறவர். சின்ன விளக்கை வைத்துக் கண்ணைப் பார்த்தார். இமை முழுசாக இழுத்து மூடிக்கொள்கிறதா, கன்னம் வாய் எங்கேயாவது சேர்ந்து இழுக்கிறதா, இமை தொங்குகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

"இந்தச் சிவப்பு தைலத்தால வந்தது. சொட்டு மருந்து தர்றேன். துடிப்பு பயப்படற மாதிரி இல்ல. தூக்கம் எப்படி?"

மனைவி முந்திக்கொண்டாள். "அதுல குறையே இல்லைங்க. படுத்தா அசைய மாட்டார். புரள்றது கிடையாது, குறட்டை கிடையாது. கட்டை மாதிரி."

டாக்டரம்மா கத்திரியைப் பார்த்தார். கத்திரி சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார்.

"தூங்கறீங்களா?"

"இல்லைங்க. பழகிக்கிட்டு இருந்தேன்."

"என்னத்தை?"

"சாகறதுக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வீட்டு வைத்தியம் முதல் பசை வரை விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வேஷம் கிடைத்த நாளிலிருந்து கட்டிலில் படுத்து, அசையாமல், மூச்சை வயிற்றில் ஓட்டிக்கொண்டு, விழித்திருந்திருக்கிறார். விடியும் நேரத்தில்தான் கண் அயரும். பகலில் கத்தி பிடிக்கிற வேலை, தூங்கி விழக் கூடாது. அதற்காகக் காபி. ஒன்று தெளிவதற்குள் இன்னொன்று.

"அப்போ நான் இத்தனை நாளும் பொணத்துக்குப் பக்கத்துலயா படுத்திருந்தேன்?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா குனிந்து மருந்துச் சீட்டு எழுதினார். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தார் என்று தோன்றியது. நிமிர்ந்தபோது முகம் சரியாக இருந்தது.

"துணி ஒத்தடம் நல்லது. துணி சுத்தமா இருக்கணும், சூடு அளவா இருக்கணும். வாழைப்பழம் பசிக்குச் சாப்பிடுங்க. கசப்பு சோடா ருசிக்கு எப்பவாவது குடிங்க, மருந்துன்னு நெனச்சுக் குடிக்காதீங்க, குயினைன் எல்லார் உடம்புக்கும் ஒத்துக்காது. எண்ணெய், தைலம், எலுமிச்சை, எதையும் கண்ணுகிட்டக் கொண்டு போகாதீங்க. பசை…" இங்கே அவர் நிறுத்தினார். "பசையைப் பத்தி நான் சொல்லணுமா?"

"வேண்டாங்க."

"காபியைக் குறைங்க. தூங்குங்க. நிஜமா தூங்குங்க. இன்னும் சில வாரம் போயும் நிக்கலைன்னாலோ, முகத்துல வேற இடத்துல இழுத்தாலோ, கண்ணு தானா மூடிக்கிட்டாலோ உடனே வாங்க."

"நாடகத்துக்குள்ள நின்னுருமாங்க?"

"குறையும். நிக்குமான்னு சொல்ல முடியாது. விரட்டினா நிக்காது, அதை மட்டும் சொல்றேன்."

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்த கத்திரி, மாலை வரைக்கும் எழவில்லை. குறட்டை தெருவுக்குக் கேட்டது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அந்தக் குறட்டையை அவள் அவ்வளவு ஆசையாக என்றைக்கும் கேட்டதில்லை. அடுத்த நாட்களிலும் வேலை முடிந்து வந்தால் காபி இல்லை, போன் இல்லை, ஒத்தடம், படுக்கை. இமை சுண்டுவது அரிதானது. நின்றுபோனது என்று சொல்ல முடியாது.

கடைசி ஒத்திகையில் அக்கா பொம்மையைத்தான் படுக்க வைத்தார். கத்திரி திரைக் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நாடகம் பத்து வசனம் ஓடவில்லை. மூத்த மகன் எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, மன்னிச்சுருங்க. இது மேல விழுந்து அழுதா ஸ்பிரிங் சரியா இருக்கான்னு பாக்கத் தோணுது."

எல்லாரும் சிரித்தார்கள். பொம்மையைச் செய்த பஞ்சுவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் கயிற்றின் பக்கம் திரும்பினார்.

"வந்து படு."

"துடிச்சா?"

"துடிச்சா என்னோட சேர்ந்து அவமானப்படு. கயித்தைப் பஞ்சுகிட்டக் குடு."

போட்டியன்று கூடம் நிறைந்திருந்தது. இடம் இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் நடுவர்கள். இரண்டாவது வரிசையில் மனைவி, அவள் தம்பி, மாமியார். கத்திரி படுத்துக்கொண்டார். போர்வை மார்பு வரை வந்தது. விளக்கு ஏறியது. மூடிய இமைக்குள் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

முதல் பாதி நன்றாகப் போனது. மூத்த மகன் கத்தினான், இளையவன் பதில் கத்தினான். அப்பா என்னிடம்தான் பேசினார், இல்லை என்னிடம்தான். கத்திரி மூச்சை வயிற்றில் ஓட்டிக்கொண்டு கிடந்தார். பிறகு மகளாக நடித்த அக்கா அவர் தலைமாட்டில் வந்து மண்டி போட்டார். நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். கூடம் அடங்கிவிட்டது.

அப்போது இமை சுண்டியது.

ஒரு தரம். உடனே இன்னொரு தரம். முன்வரிசையில் யாரோ பக்கத்து ஆளைத் தொடுகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். இரண்டாவது வரிசையில் ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. அது யாருடைய வளையல் என்று அவருக்குத் தெரியும். அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க அது துள்ளியது. இன்னும் ஒரு நொடி போனால் யாராவது சிரித்துவிடுவார்கள். ஒருத்தர் சிரித்தால் போதும்.

அக்கா வசனத்தின் நடுவில் நிறுத்தினார். கையை நீட்டி, உள்ளங்கையை அவர் கண்கள் இரண்டின் மேலும் வைத்தார்.

எழுதிய நாடகத்தில் அது இல்லை. அப்பாவின் கண்ணை ஒரு மகள் மூடுகிற மாதிரி இருந்தது. ஊசி ஏறித் தடித்த விரல்கள், ஆனால் சூடான கை. அந்தக் கைக்கு அடியில் இமை கூண்டில் மாட்டிய குருவி மாதிரி அடித்துக்கொண்டது. அதை அக்கா உணர்ந்தார். செத்துப்போனவர் என்று தான் எழுதிவைத்த ஆளுக்குள் எதுவோ இன்னும் அடித்துக்கொள்கிறது. அவர் குரல் உடைந்தது. அக்கா மேடையில் கண்ணீர் விட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. அழுகைக் கட்டம் வந்தால் முந்தானையில் முகத்தை மூடிச் சமாளிப்பார். இப்போது சொட்டுச் சொட்டாகக் கத்திரியின் நெற்றியில் விழுந்தது.

"யார்கிட்டப் பேசினார்னு சண்டை போடுறோமே," என்றார் அக்கா. "நம்மள்ல யாருடா அவர்கிட்டப் பேசினோம்?"

இதுவும் நாடகத்தில் இல்லை. மகன்கள் இருவரும் திகைத்து நின்றார்கள். அந்தத் திகைப்பும் அந்த இடத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

கத்திரி கேட்டுக்கொண்டு கிடந்தார். செத்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்செல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. பாவம் இந்தப் பிள்ளைகள் என்றும் தோன்றியது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் சாகிறதற்கு முயற்சி செய்யவில்லை. இமையை மறந்துபோனார்.

அக்கா கையை எடுத்தபோது இமை அசையாமல் இருந்தது. விளக்கு நேராக அதன் மேல் விழுந்தது. மூன்று பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். அசையவில்லை. எங்கேயோ ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார். பிறகு நாலைந்து பேர். மாமியாரின் விசும்பல் தனியாகக் கேட்டது. மருமகன் உயிரோடு இருக்கும்போது அவர் அப்படி அழுது யாரும் கேட்டதில்லை.

நாடகம் முடிந்தது. பஞ்சு கயிற்றை இழுத்தார், திரை பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் இன்னும் வேகமாக இழுத்தார், அது இன்னும் இறுகிக்கொண்டது. வேறு வழியில்லை. கத்திரி எல்லாரும் பார்க்கப் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். முன்வரிசை நடுவரம்மா நெஞ்சில் கை வைத்துப் பின்னால் சாய்ந்தார்.

அப்புறம் கைதட்டு. முதலில் அங்கங்கே, பிறகு கூரை இடிகிற மாதிரி. நின்றவர்கள் தட்டினார்கள், உட்கார்ந்தவர்கள் நின்று தட்டினார்கள். போட்டியாக வந்த பீங்கான் தொழிற்சாலைக்காரர்கள்கூடத் தட்டினார்கள்.

அன்றைக்குக் கடைசி நாடகம் அதுதான், முடிவை அங்கேயே சொன்னார்கள். முதல் பரிசு அவர்களுக்குத்தான். கோப்பையை அக்கா வாங்கினார். பேக்கிங் பையன் விசில் அடித்தான். பஞ்சு திரையின் சிக்கலிலிருந்து ஒருவழியாக வெளியே வந்து, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் பொம்மையைக் கட்டிப்பிடித்தார். நடுவரம்மா மைக்கைக் கத்திரியிடம் நீட்டினார்.

"ஒரு தடவை கண்ணு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. பிரமைன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கல்லு மாதிரி இருந்தீங்க. என்ன பயிற்சி பண்ணினீங்க?"

கூடம் காத்திருந்தது. கத்திரியின் நாக்கு வழக்கம்போல மேலே போய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. இரண்டாவது வரிசையில் மனைவி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுல நல்லா தூங்கினேங்க," என்றார் கத்திரி மைக்கில்.

கூடம் அதிர்ந்து சிரித்தது. அவருடைய வாழ்நாளில் மேடையில் பேசிய முதல் வசனம், அதற்கே கைதட்டு. அக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "போதும், வா. ரெண்டாவது பரிசுக்காரங்க நிக்கிறாங்க."

கத்திரி நகரவில்லை. முதலில் இடது பக்கம் குனிந்து வணங்கினார். அப்புறம் வலது பக்கம். அப்புறம், நடுவில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று, நடுவிலும் ஒரு தரம்.